பதினேழாம் துண்டு

தக்கலை கல்லூரியில் என் அறைக்கு
ஜன்னல் கிடையாது, தாடை இரண்டு உண்டு.
மேல்தாடை மெல்ல ஏறும்,
கீழ்த்தாடை விடாது.
நடுவில் நான் செருகுவது
ஒரு சாண் நீளம், விரலகலம், மூன்று மில்லி கனம்:
ஏத்தன் வாழையின் நாரும் எப்பாக்ஸியும்.

குலசேகரம் பக்கம் காற்று தின்ற விளை அது.
குலைதள்ளிய நானூறு மூடு
ஒரே ராத்திரியில் முட்டிபோட்டிருந்தது.
இன்சூரன்ஸ்காரர் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே
தடையை உரித்துச் சாக்கில் கட்டினேன்.
ஞானாபரணம் கேட்டார்:
"நிக்க வலுவில்லாததுக்கா டீச்சர்
வலு பாக்கப் போறீய?"

நான் டீச்சர் இல்லை, லேப் அசிஸ்டெண்ட்.
அதைச் சொல்லவில்லை.

முதல் எட்டும் பாதியிலேயே விட்டன.
ஒன்பதாவது, கரண்ட் போனதால் கணக்கில் இல்லை.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஒரு நாரும் அறுந்திருக்கவில்லை,
ரெசினிலிருந்து உருவிக்கொண்டு
முழுசாக வந்திருந்தது.
குழி அப்படியே,
பல் பிடுங்கிய ஈறு மாதிரி.

பூவோடு சேர்ந்த நார் மணக்குமாம்.
தோவாளையில் அது மல்லிகையைச் சுற்றினால் போதும்,
ஒட்ட வேண்டாம்.
இங்கே ஒட்ட வேண்டும்.
காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டேன், நூற்றுக்கு ஐந்து.
மெழுகு கழன்று நாரின் மேனி சொரசொரத்தது.
கையுறை ஓட்டை வழியே
என் சுண்டுவிரலும்.

பிறகு எண்கள் ஏறின.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
பதினேழாம் துண்டு
ஐம்பத்தாறு மெகாபாஸ்கலில் டக்கென்றது.
ஒருதரம் முட்டிபோட்ட வாழை.
இம்முறை நார்கள் அறுந்திருந்தன.
ஒன்று அறுந்ததற்காக நான் சிரித்தது
அன்றைக்குத்தான்.

குளச்சலிலிருந்து ததேயுஸ் வந்தார்,
வள்ளத்தின் அணியத்தில் விரிசல்.
துண்டை வளைத்தார், மோந்தார்,
ஓரத்தைக் கடித்தும் பார்த்தார்.
"கொள்ளாம். வெள்ளத்துல கெடந்தா?"

மேசைக்கு அடியில் பிளாஸ்டிக் வாளி.
உள்ளே அவர் கடல்தான், முப்பது நாள்.
ஆறு துண்டும் குடித்துக் கனத்திருந்தன.
வலுவில் மூன்றில் ஒன்று போய்விட்டது என்று
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்.
அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மேல்பலகைக்கு?"

மேலே வெயில். மேலே மழை.
தெளிக்கிற உப்பு.
"தெரியாது. இன்னும் சோதிக்கல்ல."

மீன்பெட்டி மூடிக்கென்று
ஒரு தகடு மட்டும் கேட்டு வாங்கிப்போனார்.
மறுவாரம் பஸ்ஸில்
இரண்டு கேன் வந்திறங்கின,
வாயில் துணி கட்டி, என் பெயர் தப்பாக எழுதி.

புதுத் தண்ணீர்.
வாளியைக் கழுவினேன்.