என்னிடம் நிற்காத வண்டி

சியாலாவின் ஓப்பல் மூன்றாம் முறையாக வந்தது.
கயிறு கட்டி யாரும் இழுத்து வரவில்லை,
தானே ஓடிவந்து பட்டறை வாசலில் சமர்த்தாக நின்றது.
"இப்போதுதான், ரயில்வே கேட்டில்,
தண்டவாளத்துக்கு நடுவில் அணைந்துபோயிற்று" என்றாள்.
பின்னால் வந்த லாரிக்காரன்
அவள் பரம்பரையையே வம்புக்கு இழுத்தானாம்.
நான் திருகினேன். முதல் திருகிலேயே பிடித்தது.
டாக்டர் முகம் பார்த்ததும் ஓடிவிடும் பல்வலி.

தொண்ணூற்றாறாம் வருட மாடல்.
ஜெர்மனியில் யாரோ ஓட்டித் தேய்த்து
போத்தி துறைமுகத்தில் இறங்கி
நாலு கை மாறி ஜெஸ்தபோனிக்கு வந்தது.
கிழட்டு என்ஜின் நின்றால் நூறு காரணம்.
விட்டு விட்டு நின்றால்
நூற்றோடு ஒரு பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

போன மாதமே பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று.
பம்ப்பில் அழுத்தம் சரி.
த்ராட்டிலைக் கழற்றிக் கரி சுரண்டினேன்.
கிராங்க் சென்சார், சூடேறினால் செத்துப் பிழைக்கும் ஜாதி,
அதை ஹேர் டிரையரால் சுட்டுப் பார்த்தேன்
(மனைவியுடையது; அவளுக்குத் தெரியாது).
சாகவில்லை.
ரிலேவைச் சுத்தியல் பிடியால் தட்டி,
எர்த் வயரைத் தேய்த்து,
ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து உலுக்கினேன்.
இரைச்சலில் ஒரு மாத்திரைகூடப் பிசகில்லை.

ரிக்கோத்தி மலைப்பாதையில் ஏற்றினேன், இறக்கினேன்,
மழையில், வெயிலில்,
உருக்காலைக்குப் பின்னால் பல்லாங்குழிச் சாலையில்.
ஒரே ஒரு தடவை நில் சனியனே என்று
கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

"நீயே ஓட்டு" என்றேன் இன்று.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ரயில்வே கேட். முதல் தண்டவாளம், இரண்டாவது,
செத்தது.
பெட்ரோல் பட்டினி என்றால் கொஞ்சம் இருமிவிட்டுச் சாகும்.
இது இருமவில்லை.
டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒரு கண்சிமிட்டல் இருண்டது,
ரேடியோவில் வானிலை வாசித்தவன்
பாதி ஊரோடு நின்றான்.

அப்போதுதான் கவனித்தேன்,
ஸ்டீயரிங்குக்குக் கீழே
அறுவடைத் திராட்சைபோல் கனத்து
முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த கொத்தை.

ஒவ்வொரு முறையும் என்னிடம் விடும்போது
கார்ச் சாவியை மட்டும் உருவிக் கொடுத்திருக்கிறாள்.
நானும் ஒற்றைச் சாவியோடு
மலையெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

கொத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி நாலு முறை கடந்தோம்.
நிற்கவில்லை.
கையை எடுத்தேன். நின்றது.

பக்கத்துச் சீஸ் கடைத் தராசில் அறுநூற்று நாற்பது கிராம்.
"இத்தனை வீடா உனக்கு?"
"எனக்கு ஒன்றுதான்.
இது லாமாராவுடையது, பாரியில் ஒரு இத்தாலியக் கிழவருக்குத் துணையாக இருக்கிறாள்.
இது மேல்மாடி நோதார், போலந்தில் கோழித் தொழிற்சாலை.
இந்த இரண்டும் ஒரே வீடு,
அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் இரண்டு பூட்டு.
பனி விழுமுன் எல்லார் குழாயிலும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்,
இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும்."
துருப்பிடித்த ஒரு குட்டைச் சாவியில் நிறுத்தினாள்.
"இது யாருடையதென்று மறந்துவிட்டது."
"அப்படியென்றால் தூக்கிப் போடு."
"வந்து கேட்டால்?"

இக்னிஷன் ஸ்விட்ச் புதிது, முப்பத்தைந்து லாரி.
பழையதைப் பிளந்து காட்டினேன்:
உள்ளே பித்தளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது,
நகம் நுழையும் பள்ளம்.
கார்ச் சாவியைத் தனியாக வை,
இல்லையென்றால் இதுவும் இரண்டு வருஷம்தான் என்றேன்.
தனியாக வைத்தால் இரண்டில் ஒன்றைத் தொலைப்பேன் என்றாள்.
கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு டேஷ்போர்டின் அடியில்
ஒரு இரும்புக் கொக்கி திருகிக் கொடுத்தேன்.
கொக்கிக்குக் காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை போன் செய்தாள்.
வண்டி நிற்பதே இல்லையாம்.
ஆனால் வளைவு திரும்பும்போது
கிலுகிலுவென்று ஏதோ ஒரு சத்தம் வருகிறதாம்,
பார்க்க முடியுமா என்றாள்.
எந்த வேகத்தில் என்று கேட்டுவிட்டேன்,
வாய்ப்பழக்கம்.