பாட்டிலின் பா

ஜெயம்மா தாவணகெரேக்குப் போனபோது
மகள் வீட்டில் நாய்க்கு இடமில்லை.
முருகேஷ்பாளையம் நான்காம் குறுக்குத் தெருவில்
மாடியில் குடியிருக்கும் எனக்கு வந்து சேர்ந்தன
ஒரு கயிறு, இரண்டு கிண்ணம்,
தடுப்பூசி அட்டை,
கன்னடத்தில் எழுதிய ஒரு முழுத்தாள்,
கெம்பா.

செம்மை இங்கே கெம்பு.
விருத்தாசலத்தில் பிறந்திருந்தால்
செம்பன் ஆகியிருப்பான்.

தாளை மருந்துக்கடை மஞ்சுநாத் படித்துச் சொன்னார்.
வெங்காயம் கூடாது. திராட்சை கூடவே கூடாது.
காது துடைக்கும்போது பேசிக்கொண்டே துடைக்கவும்.
மழை மாதங்களில் விரலிடுக்கில் உண்ணி பார்க்கவும்.
தீபாவளிக்குக் குளியலறையில் பழைய புடவை விரித்தால்
அவனே போய்ப் படுத்துக்கொள்வான்,
வெளியே இழுக்க வேண்டாம்.
கடைசி வரியை இரண்டு முறை படித்தார்:
கோபமாக இருக்கும்போது கூப்பிடாதீர்கள்.

"வா" என்றேன். சுவரைப் பார்த்தான்.
"உட்கார்" என்றேன். காதைச் சொறிந்தான்.
அவனுக்கு வா என்றால் பா.
பாலின் பா அல்ல,
தண்ணீர் பாட்டிலின் பா;
உதடு ஒட்டி வெடிக்க வேண்டும்.
உட்கார் என்றால் கூத்கோ.
பேடா, நம் வேண்டாதான்,
மீசையை மழித்துக்கொண்டு வந்திருக்கிறது.
நில்லு மட்டும்
இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவராய்
அப்படியே நின்றது.

பதினோரு வருஷம் இந்த ஊரில்
'கன்னட கொத்தில்லா' என்றே காலம் தள்ளியவன்
நாய்க்காகக் கற்றுக்கொண்டேன்.

காலை ஐந்தரை. இழுப்பான், நிற்பேன்.
கயிறு தளர்ந்தால் ஓரடி.
மறுபடி இழுப்பான்,
மறுபடி நான் மின்கம்பம்.
பால் பூத்துக்கு இருநூறு அடி,
முதல் வாரம் நாற்பது நிமிடம்.
பூத்துக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்.
ரொட்டிக் கவரைக் கையில் மாட்டி
இன்னும் சூடாக இருப்பதை அள்ளி முடிச்சிடுவேன்.
ஊரிலுள்ள அக்காவிடம்
இதை மட்டும் சொல்லவில்லை.

செருப்பைக் கடித்த அன்று
நாளிதழைச் சுருட்டி ஓங்கினேன்.
ஓங்கியதோடு சரி.
இரண்டு நாள் கட்டிலடியில் இருந்தான்.
சோற்றுக் கிண்ணத்தை
அங்கேயே தள்ளிவிட்டு
ஆபீஸ் போனேன்.

ஒரு வியாழக்கிழமை கொக்கி விட்டுப்போனது.
ஏர்போர்ட் சாலை முனை.
பஸ் திரும்புகிறது, நடுவில் கெம்பா.
"டேய், நில்லு!"
பொதுச்சொல்தான்.
குரல்தான் அவன் அறியாத மொழி.
வாலை ஒடுக்கிக்கொண்டு இன்னும் ஓடினான்.

முதுகைத் திருப்பி
நடைபாதையில் குந்தினேன்.
பிரேக் கிறீச்சிட்டது, திரும்பவில்லை.
ஒரு கையைப் பின்னால் விரித்துவைத்து
உலகத்தில் எனக்கு எந்த அவசரமும் இல்லாததுபோல்
பொய்யாக, மெல்ல,
"பா, கெம்பா. பா."

உள்ளங்கையில் ஈர மூக்கு.

அந்தக் கைக்கு அப்போதும் அடிக்கத்தான் ஆசை,
மறைப்பானேன்.
திரும்பி வந்தவனை அடித்தால்
அடுத்த முறை எதை நம்பி வருவான்?
சட்டைப் பையில் பொட்டுக்கடலை கிடந்தது.
நடுங்கி நடுங்கி
ஒவ்வொன்றாய்க் கொடுத்தேன்.
கண்டக்டர் ஜன்னலில் தலை நீட்டிக்
கன்னடத்தில் திட்டினார்.
முழுதும் புரிந்தது.
நியாயமாகவும் இருந்தது.

பெல்ட்டைக் கழற்றி
அவன் கழுத்துப்பட்டையில் கோத்து,
இன்னொரு கையால்
பேண்ட்டைப் பிடித்தபடி
வீடுவரை நடந்தோம்.
அவன் ஒரு முறைகூட இழுக்கவில்லை.