எண்ணி மூன்று

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, தோல் பிரிவு.
பதினெட்டாம் டோக்கன் நான்.
டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது.
புறங்கைத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி
விட்டுவிட்டு
உதட்டுக்குள் எண்ணினார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
கூடாரம் மாதிரி நின்ற தோல்
பிறகு மனமில்லாமல் படுத்தது.

"பாதி பிறப்பில் வருவது. பாதி நீங்க வாழ்றது."
எந்தப் பாதி இது என்று கையை நீட்டினேன்.
எழுதிக்கொண்டே சிரித்தார்:
ஆசிட் தொட்டால் கையுறை, வெயிலுக்குத் துணி,
தண்ணீர், தூக்கம்.
கடைசிச் சொல்லுக்கு நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்து
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
களியல் மேட்டில் முந்நூறு மரம் வெட்டுகிறவளுக்குத்
தூக்கம் என்று சீட்டு.

எங்கள் தோட்டம் முழுக்க நூற்றைந்து.
ஒரே தாய்மரத்து மொட்டை
ஒட்டி ஒட்டி வளர்த்தவை. பிறப்பில் பேதமில்லை.
ஓடைக்கரை வரிசையில்
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி.
அங்கே வெட்டுவாய் மூடி
புதுப்பட்டை சமமாய் ஏறியிருக்கும்.
ரோட்டோர வரிசையைக் குத்தகைக்கு எடுத்த ஜெஸ்டஸ்
தினமும் வெட்டினான்,
தடிவரைக்கும் வெட்டினான்.
இப்போது கை வைத்தால் முண்டும் முடிச்சும்.
சிரட்டைக்குள்
யோசித்து யோசித்து ஒரு சொட்டு.

மே மாதம் லீவில் வந்தாள் விஜிலா,
ஒன்றரை வயது இளையவள்.
இருபது வருசமாய் குவைத்தில் நர்ஸ்,
ஜன்னலே திறக்காத வார்டு.
அடுக்களை ட்யூப்லைட்டில் அவள் கையைக் கிள்ளினேன்.
ஒன்று சொல்லுமுன் படுத்துவிட்டது.
அவள் என் கையைக் கிள்ளினாள்,
சத்தமாய் எண்ணினாள்,
மூன்றோடு நிறுத்திக்கொண்டாள்.
தோல் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

கண்ணுக்குக் கீழே மட்டும்
இரண்டு பேருக்கும் ஒரே பை.
அப்பாவுக்கும் நாற்பத்தைந்தில் இப்படித்தான் தொங்கியது.
நிலமெல்லாம் தம்பி பேரில் எழுதின மனுசன்
எங்களுக்குச் சரிபாகம் வைத்தது
இது ஒன்றைத்தான்.

பெட்டிக்குள்ளிருந்து அவர் போட்டோக்களை எடுத்தாள்.
கட்டியிருந்த ரப்பர் பேண்டை இழுத்ததும்
நூல் நூலாய்ப் பொடிந்தது.
வெயில் படவில்லை, மழை படவில்லை,
இருபது வருசம் யாரும் தொடவுமில்லை.
"இது நீ வெட்டின பாலாக்கும்" என்றாள்.
"எனக்க பால் இல்ல பிள்ளே,
அது ஜெஸ்டஸுக்க பால்."
இரண்டு பேரும் சிரித்ததில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மணி பன்னிரண்டு.
டப்பாவைத் திறந்து
என் கை இரண்டிலும் கிரீம் அப்பினாள்.
கத்திப்பிடி வழுக்குமே என்று
அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துடைத்துவிட்டேன்.
துணியில் இல்லை.
கண்ணுக்குக் கீழே.