வியாழக்கிழமைப் பேணி

பாட்டு ஏறி வருவதில்லை.
லீட் கிற்றார், டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்துகிறவன்
எல்லாரும் நிலவறையிலேயே நின்றுவிடுவார்கள்.
கொங்கிரீட்டையும் கட்டில் காலையும் தாண்டி
என் தலையணைக்குள் வருவது
பேஸ் மட்டும்தான்.

வூப்பர்டால். ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிப்போகும் ஊர்.
இரவு பத்தரைக்கு எனக்கு ரொட்டித் தொழிற்சாலை.
ஆறிலிருந்து ஒன்பதரை வரை நித்திரை.
அதே மணியில் அவர்களின் ஒத்திகை.
முதல் மாதம் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன்.
ஜெர்மன் இலக்கணம் பிழைத்ததால்
கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்களில் வருகிறவன்
கம்பி மாற்றி வருடக்கணக்காகியிருக்க வேண்டும்.
மினுக்கமே இல்லை. பொங்கிய மாவில்
பெருவிரலை அழுத்தி எடுத்த மாதிரி ஒவ்வொரு சுரமும்:
ஒரு குழி, பிறகு மெல்ல நிரம்புதல்.
கூரை வேலைக்காரன் டெட்லெஃப் ஹ்யூஸ்கன் என்று பிறகு தெரிந்தது.
பதினெட்டு வருடக் கம்பியாம்.
இப்போதுதான் வாயைத் திறக்கிறதாம்.

செவ்வாய் பிளெக்ட்ரம்.
உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமத்திக்கொண்டு
கதவைச் சாத்திச் சாத்திப் போகிற சத்தம்.
கோபக்காரத் தடியன் ஒருவனை
ஒரு வருடமாக நினைத்து வைத்திருந்தேன்.
தாடிகூடக் கொடுத்திருந்தேன்.

புதன், குழாய்த்தண்ணீர் மட்டும்.

வெள்ளி ஒரு பொடியன், புது ஃபஸ் பெடல்.
தகரத்துக்குள் வண்டு. அவனை விடுங்கள்.

வியாழன் அப்படி நேரே வந்து உட்காராது.
மயிரிழை கீழே தொடங்கி,
இடம் கேட்டு, ஏறி,
போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன நடுக்கம்.
ஃப்ரெட்டுகளைக் குறட்டால் பிடுங்கி
வெட்டுகளில் மரப்பசை நிரப்பிய கழுத்து.
கடைசிப் பாட்டில் அவன்
மூன்றாம் கம்பியில் ஓரிடத்தைத் தொட்டால்
என் குசினி அலுமாரியில் சில்வர் பேணி அதிரும்.
அந்த ஒன்று மட்டும். பக்கத்துப் பேணி,
அதே கடை, அதே விலை, வாய் திறக்காது.
வியாழக்கிழமைகளில் அலாரம் வைப்பதையே விட்டிருந்தேன்.

மார்ச்சில் ஒரு நாள்
அதிராததுதான் என்னை எழுப்பியது.
அதே கிற்றார், அதே பெட்டி,
மரத்தின் அதே கரகரப்பு.
சுரம் பக்கத்தில் வருகிறது, போகிறது,
வீட்டு இலக்கம் தெரியாத தபால்காரனைப் போல.
ஒன்பதரை. ஒன்பது முப்பத்தைந்து.
பேணியை எடுத்துக்கொண்டு
சாரத்தோடு இறங்கினேன்.

பியர்ப் பெட்டியில் கோஸி, டோகோக்காரன்,
பார்சல் கிடங்கில் நசுங்கிய வலதுகை மாவுக்கட்டில்.
அவன் கிற்றாரை மாட்டிக்கொண்டு நில்கூன்,
பல் வைத்தியரிடம் உதவியாளர்,
என் செவ்வாய்க்கிழமைத் தாடிக்காரன்.
அம்ப் குமிழ்களில் அவன் ஒட்டிய டேப் அடையாளங்கள்
இம்மியும் அசையவில்லை.
"நான் ஒன்றையும் தொடவில்லை" என்றாள்,
களவில் பிடிபட்டவள் மாதிரி.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்:
இது சத்தம் போடவில்லை.
மேல்வீட்டிலிருந்து இப்படியொரு முறைப்பாடு
அதுவரை அவர்களுக்கு வந்ததில்லை.

பேணியை அம்ப்பின் மேல் வைத்தோம்.
கோஸி எழும்பி, அவள் பின்னால் நின்று
இடதுகையைக் கழுத்துக்குக் கொடுத்தான்.
அவள் பிளெக்ட்ரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
விரலால் மீட்டினாள்.
ஒரு கிற்றார், இரண்டு ஆள்.
மயிரிழை கீழே, இடம் கேட்டு, ஏறி,

அதிர்ந்தது.
ஆனால் அது வியாழன் இல்லை.
தொடக்கத்தில் ஒரு கதவு சாத்துகிறது,
முடிவில்தான் அவன் வருகிறான்.
நாதம் எந்தக் கையில் இருக்கிறதென்று
டிரம்ஸ்காரனும் சேர்ந்து சண்டை பிடிக்கத் தொடங்க
எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

பேணியை அங்கேயே விட்டுவிட்டேன்.
இப்போது அதற்குள் பிளெக்ட்ரங்கள் போட்டு வைத்திருக்கிறார்களாம்.
எந்தச் சுரத்துக்கும் கிலுகிலுக்கிறதாம்,
வெள்ளிக்கிழமைப் பொடியனுக்குக்கூட.

வியாழனும் அலாரம் வைக்கிறேன்.