ஒன்பதுக்கு ஒன்று

பிள்ளைக்கா என்று கேட்டான் ரிஃபாஸ்,
தராசில் கட்டைகளை அள்ளிப் போட்டபடி.
இல்லை, எனக்கு.
நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான்.
பிறகு இன்னும் ஒரு பிடி சும்மா போட்டான்,
வியாதிக்காரனுக்குத் தோடம்பழம் கொடுப்பதைப்போல.

கொழும்பில் வளர்ந்துவிட்ட யாரோ ஒரு பையனின் பெட்டி.
மஞ்சள், கறுப்பு, பல்லால் பிரித்த தழும்போடு ஒரு சிவப்பு.
அடியில் இரண்டு மோட்டர்.
ஒன்று செத்தது. மற்றது
பற்றரி வைத்ததும் தொண்டையைச் செருமியது.

பகலில் நான் ஹட்டன் – பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டர்.
நோர்வூட் தாண்டிய ஏற்றத்தில்
சுமணபால எப்போது கியர் இறக்குவான் என்பது
அவன் கைக்கு முன்னே என் குதிகாலுக்குத் தெரியும்.
இரவில் லயத்து அறையின் மூலையில்
கேஸ் சிலிண்டரில் சாய்த்த பலகைதான் எனக்கு மலை.

முதலில் செய்த லொறி வெறும் வேகம்.
கட்டிலுக்கடியில் போய்
ஒட்டடையோடு வெளியே வந்தது.
பலகையில் ஏற்றினால்
ஒரு சாண் போய்க் கத்திக்கொண்டு வழுக்கியது.

பிரித்தேன்.
எட்டுப் பல் சக்கரம் இருபத்துநாலைச் சுற்ற,
அதே அச்சில் இன்னொரு எட்டு
இன்னொரு இருபத்துநாலைச் சுற்ற,
மோட்டர் ஒன்பது தரம் ஓடினால்
டயர் ஒரு தரம் திரும்பும்.
வேகத்தைக் கொடுத்துப் பலம் வாங்கினேன்.
அப்போதும் உள்ளே டக், டக்.
பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன.
இரண்டு பக்கமும் நீளக்கட்டை வைத்து நெருக்கினேன்.
சத்தம் நின்றது.
அச்சு முறுக்குப்போல் திருகிக்கொண்டது.
குட்டை அச்சுக்கு மாற்றினேன்.
மூடுபனி நாளில் பலகை வியர்க்கும் என்பதால்
சைக்கிள் ட்யூபை வளையமாய் வெட்டி
டயருக்குப் போட்டேன்.

அன்று ஆறரைக்குக் கரண்ட் போனது.
லொறியின் நெற்றியில் சின்ன பல்ப், அதுதான் வெளிச்சம்.
மலர்விழி வாசலில் நின்று
காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்தாள்.

என்ன பாரம் இழுக்கும்?

ஒரு கிலோ அரிசி இழுக்கும் என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு.

சாக்குக்கென்று எங்களிடம் வெட்டுறதே ரெண்டு கிலோ,
என்றாள். குரலில் ஒன்றுமில்லை.
நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

இரண்டு கிலோ கட்டினேன்.
அரிசி ஒன்று, பருப்பு ஒன்று.
பாதிப் பலகையில்
முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ள
லொறி மல்லாந்தது.
பருப்பு சிலிண்டருக்கடியில் சிதறியது.
அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் குந்தி,
லொறியைப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.
நெற்றியில் கயிறு பதிந்த கோடு
அந்தச் சின்ன வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.
இது நிமிர்ந்துகொண்டு ஏறப் பாக்குது,
பாரத்தோடு யார் நிமிர்ந்து ஏறுவா?
என்று சொல்லி,
பையை எடுத்துப் பின்தட்டிலிருந்து
டிரைவர் கூண்டின் தலைக்கே தள்ளிக் கட்டினாள்.
பருப்புக்குப் பதில் அம்மிக்குழவியை வைக்கப் போனாள்.
ஐயோ, அது வேண்டாம் என்றேன்.

ஏறியது.
அவசரமே இல்லாமல்,
ஒவ்வொரு பல்லாக,
குனிந்த தலையோடு.

உச்சியில் சிலிண்டரில் முட்டி
சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
நிறுத்த ஒரு வழி நான் வைத்திருக்கவில்லை.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
பற்றரி மெலிந்து பல்ப் மஞ்சளாகும் வரை.

மறுநாள் பஸ் ஏற்றத்தில் திணறியபோது
பின்னுக்கு நிற்பவர்கள் முன்னுக்கு வாங்க, வாங்க என்றேன்.
தினமும் சொல்வதுதான்.
சுமணபால கண்ணாடியில் பார்த்து
ஏன் சிரிக்கிறாய் என்றான்.
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே
ஒன்றுமில்லை என்றேன்.

ரிவர்ஸ் வேண்டும்.
அதற்கு இன்னொரு சக்கரம் வேண்டும், பன்னிரண்டு பல்.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.
மலர்விழி கேட்கிறாள்,
ரிஃபாஸ் கடை ஞாயிறும் திறப்பானா என்று.