சரி

எண்ணெய் விரியன் கடித்தது
பரந்தன் றோட்டில், தாரில் காயப்போட்ட நெல்லுக்குக் காவலாய்
வெறுஞ்சாக்கில் படுத்திருந்த குணபாலசிங்கத்தை.
முதலில் இமை விழுந்தது, பிறகு தொண்டை,
கிளிநொச்சிக்குக் கொண்டுவர மூச்சு.
குழாய் போட்டோம்.
மூன்றாம் நாள் விஷம் இறங்கி
ஒரு விரலை அசைத்தார்.
ஐந்தாம் நாள் காய்ச்சல்.

சளி தடித்து மஞ்சளாயிற்று.
எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் அடியில்
ஒரு முகில்.

கண்ணாடிக் கதவடியில் கோமளேஸ்வரி கேட்டா:
"விஷம் இறங்கிட்டுதெண்டியள் மிஸ்ஸி,
பிறகேன் காயுது?"
கிருமி என்றேன்.
எங்கேயிருந்து என்று அவ கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அது காட்டிலிருந்து வந்ததல்ல.
எங்கள் வீட்டுப் பிள்ளை.
சிங்கின் விளிம்பில், கையுறை நுனியில்,
துலக்காத பல்லிடுக்கில் குடியிருந்து
விழுங்கமுடியாதவரின் எச்சிலோடு
மெல்ல இறங்கும்.

தலைமாடு முப்பது பாகை உயர்ந்திருக்க வேண்டும்.
கட்டிலின் அளவுமானி உடைந்து இரண்டு வருடம்.
மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து
பாகைமானியை எடுத்துவந்து பிளாஸ்டரால் ஒட்டி
நூலில் ஊசிமூடி கட்டித் தொங்கவிட்டவள் நான்.
அதனால்தான் சொல்லக் கூசுகிறது.

நாலாம் நாள் இரவு. ஆறு கட்டிலுக்கு இரண்டு பேர்.
இரண்டு மணிக்கு அவருக்கு வாய் துடைக்கவேண்டும்.
இரண்டு மணிக்குத்தான் மூன்றாம் கட்டிலில்
பதினேழு வயதுப் பெடியனின் இதயம் நின்றது.
நாலரைக்கு, வேர்வை காயமுதல்,
தாளில் இரண்டு மணிக் கட்டத்துக்குள்
ஒரு சரி போட்டேன்.
அரைச் செக்கன் வேலை.

அந்த ஒரு வேளையால்தான் வந்ததென்று
எவராலும் சொல்லமுடியாது.
இல்லையென்றும்.

மாதக் கூட்டத்தில் சுவரில் வெளிச்சம் விழுந்தது:
வாய்ப் பராமரிப்பு, தொண்ணூற்றெட்டு வீதம்.
கைதட்டினார்கள்.
நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.
பிறகு கோவையைத் தேடி எடுத்து
அந்தச் சரியை ஒரு கோட்டால் வெட்டி
'செய்யவில்லை' என்று எழுதி ஒப்பமிட்டேன்.
மேற்றன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தா.
"அண்டைக்கு எத்தினை பேர் டியூட்டி?"
இரண்டு.
"அதையும் எழுது."

அவருக்குக் குழாய் கழன்றது இதற்கெல்லாம் முதல்,
பன்னிரண்டாம் நாள் பின்னேரம்.
வெளியே தூறிக்கொண்டிருந்தது.
உடைந்த குரலில் முதலில் கேட்டது நெல்லை:
"அள்ளினவையோ?"
தெரியாது,
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.