ஐந்து எட்டு

விடிகாலை ஐந்தரை. முழங்காலளவு தண்ணீர்.
கொடுவாவை இறக்குகிறேன்.
இடது முன்னங்காலில் தசைநார் கிழிசல்,
ஸ்கேனில் சின்ன மச்சம் போலத்தான் தெரிந்தது.
"உப்புத் தண்ணி, நடை, நாலு மாசம்" என்றார் டாக்டர்.
நாலு மாதத்துக்கு லாயத்து வாடகையா என்று
முதலாளி முகவாயைத் தடவினார்.
எங்க ஊரில் கடல் சும்மாதான் கிடக்கு என்றேன்.

பாஸ்போர்ட்டில் அதற்கு வேறு பெயர்.
பிரெஞ்சு. வாய் சுளுக்கும்.
சாம்பல் முதுகு, வெள்ளி வயிறு,
ஏலக்கூடத்தில் கிடப்பது போலவே. ஆகவே கொடுவா.

பெரியபட்டினத்துக்கு அரபுக் குதிரைகள்
கப்பலில் வந்ததாகப் பள்ளியில் படித்தோம்.
இது லாரியில் வந்தது,
பெங்களூரிலிருந்து பதினாலு மணி நேரம்
அடக்கி அடக்கி,
பரமக்குடி தாண்டி ஒரே ஒரு தரம் மூத்திரம் பெய்து.

வாப்பா ஷார்ஜாவில் லத்தி அள்ளினார், பன்னிரண்டு வருஷம்.
பள்ளி விடுமுறையில் போயிருந்தபோது
என்னைச் சேணத்தில் தூக்கி வைத்தது அவரில்லை,
ஒரு சூடான்காரர்.
வாப்பா கீழே கை நீட்டியபடி நின்றார்.
இப்போதும் போட்டி என்றால்
சோற்றுத் தட்டிலிருந்து அந்தக் கை
கொஞ்சம் எழும்பிவிட்டுத் தணியும்.

எனக்கென்று குதிரை கிடையாது.
இரண்டு ஹெல்மெட் உண்டு, ஒன்றில் விரிசல்.
தோளெலும்பில் ஒரு தகடு.
ஏறுவது யாருடையதோ,
கோப்பை நிற்பது யார் வீட்டு அலமாரியிலோ.

தடைக்கும் தடைக்கும் நடுவே ஐந்து எட்டு.
நாலில் போனால் நெஞ்சு கம்பில்.
ஆறென்றால் கடிகாரம் தின்றுவிடும்.
ஐந்தாம் எட்டில் கொடுவா
இடது காதை மட்டும் பின்னால் திருப்பும்.
என்னைக் கேட்கிறது.
மூச்சை விட்டால் போதும்,
மேலே போய்விடுவோம்.

முதல் வாரம் ஒவ்வொரு நுரைக்கோடும் அதற்கொரு தடை.
தாவப் பார்த்தது, மிரண்டது,
என்னை இரண்டு தரம் சேற்றில் உட்காரவைத்தது.
பாசி எடுக்கக் கிளம்பிய சேதுராக்கு அக்கா
விரல்களில் துணி சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"ஏண்டி, கடலை மிதிச்சா காசு கேக்கும்னு
யாராச்சும் சொல்லிட்டாங்களா இதுக்கு?"

மூன்றாம் மாதம் கால் குளிர்ந்தது.
உம்மா இட்லிக் கொப்பரையைத் தொடுவதுபோல்
தொட்டும் தொடாமலும் வைத்துப் பார்த்த உள்ளங்கை
அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டது.

நேற்று போன் அதிர்ந்தது.
விற்றாயிற்று. புனே. நல்ல விலை.
"அருமையா தேத்திட்டே, ஜுலைஹா."
பக்கத்தில் மூன்று கைதட்டும் பொம்மைகள்.

சாயங்காலம் புனேக்காரன் கூப்பிட்டான்,
மரியாதையான பையன்.
எந்தக் கடிவாளம், கேரட்டா ஆப்பிளா,
தண்ணீர்த் தடைக்குப் பயப்படுமா.
சொன்னேன். கேரட். இனிமேல் பயப்படாது.
வேறேதாவது? என்றான்.
காது நாக்கு நுனிவரை வந்தது.
வேறொன்றுமில்லை என்றேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு,
உம்மா எழுந்துவிடாமல் குரலைத் தாழ்த்தி,
ஒரு நிமிடம் பதினெட்டு நொடி பதிந்து அனுப்பினேன்.
ஐந்தாம் எட்டில் அது கேட்டு, பதில் இல்லையென்றால்
நின்றுவிடும்.
நின்றால் சாட்டை.

லாரி வெள்ளிக்கிழமை.

இன்று கரையோரம் ஏதோ வல்லத்திலிருந்து
முறிந்து வந்த கழி ஒன்று
இரண்டு பாறைகளில் தலை வைத்துக் கிடக்கிறது.
முழங்கால் உயரம்கூட இல்லை.
தாண்ட இன்னும் ஒரு மாதம் ஆகும், ஆகவேண்டும்.
கொடுவா தானாகவே எட்டை நீட்டுகிறது,
மூன்று, நாலு,

காது திரும்புகிறது.

மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
நின்றுவிட்டது,
காதை அப்படியே வைத்துக்கொண்டு.